தட்டச்சு உதவி: நண்டு

என் தங்கை போராடி வாங்கியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் ஓர் இடம். அதை ஒரு தடவை கொடுத்தார்கள். கை நடுங்குகிறது, மற்ற பிள்ளைகள் மிரளுகிறார்கள் என்று பிடுங்கிக்கொண்டார்கள். அம்மா பள்ளிக்கூட வாசலிலேயே உட்கார்ந்துவிட்ட பிறகு மறுபடி கொடுத்தார்கள். அடுத்தது, இறுதித் தேர்வைக் கணினியில் தட்டி எழுத அனுமதி. அதற்கும் அடுத்தது, விசைப்பலகைமேல் பொருத்துகிற ஒரு மரத்தட்டு. ஒவ்வொரு விசைக்கும் நேராக ஓர் ஓட்டை போட்டிருக்கும். விரல் எங்கே அலைந்தாலும் ஓட்டைக்குள் இறங்கினால்தான் எழுத்து விழும், பக்கத்து விசை தப்பித்துக்கொள்ளும். தேர்வு அறையில் கண்காணிப்பாளர் அதைப் பிடுங்கி, விடை எதையாவது ஒளித்து வைத்திருக்கிறாளா என்று புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ஓட்டைக்குள் எந்த விடையை ஒளிப்பது? அதையும் திரும்ப வாங்கினாள். ஈயத்தை உருக்கிக் கம்பிகளை ஒட்டும் சால்டரிங் பிடிக்கக் கற்றுக்கொண்டாள். பொது நூலகத்தின் மாடியில் மாலை வகுப்பு எடுக்கும் வேலையை வாங்கினாள். கடைசியாக, ஒரு புத்தகத்தின் அட்டையில் தன் பெயரை வாங்கினாள்.

மற்றதெல்லாம் ஆறிவிட்டது. அந்தக் கடைசி ஒன்றை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. தன்னுடையதைத் தானே போராடி வாங்க வேண்டியிருந்ததே என்றுதான். அதனால் அதைமட்டும் விவரமாக எழுதுகிறேன். நான் எட்டாவதோடு நின்றவள், மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. விரிப்புகளை முனையோடு முனை சேர்த்து மடித்துப் பழகியவள். நடந்ததையும் அப்படியே முனை பிசகாமல் சொல்லப் பார்க்கிறேன்.

அவள் குறைமாதத்தில் பிறந்தவள். உள்ளங்கை அளவு உடம்பு, நாலு பக்கமும் அலையும் கைகால். அப்பா எட்டிப் பார்த்து, "என்ன இது, நண்டு மாதிரி" என்றார். அதுவே பெயராகிவிட்டது. வீட்டில் நண்டு, தெருவில் நண்டு, வகுப்பில் நண்டு டீச்சர். வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள்.

நடுக்கம் கையில்தான். ஆனால் ஊரில் பாதிப் பேர் அவளிடம் சத்தம் போட்டுப் பேசுவார்கள், என்னவோ காதில் கோளாறு என்பதுபோல. மீதிப் பேர் என்னிடம் பேசுவார்கள். அவள் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே, "தங்கச்சி டீ குடிப்பாங்களா?" என்று என்னைக் கேட்பார்கள். "அவ வாய் அங்கதான் இருக்கு, கேளுங்க" என்று நான் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன்.

வேலை கிடைத்ததும் சம்பளக் கணக்கு தொடங்க வங்கிக்குப் போனோம். படிவம் முழுக்க அவளே வீட்டில் தட்டி எடுத்து வந்திருந்தாள். கையெழுத்துப் போடும் இடம்தான் பாக்கி. பேனாவை எடுத்தாள். பேனா தாள்மேல் ஆடுவதைப் பார்த்த வங்கிக்காரர், நுனி தாளில் படும் முன்பே மைப்பெட்டியை அவள் பக்கம் தள்ளினார்.

"எதுக்கு சிரமம். கைநாட்டு வச்சிடுங்க."

"எழுதத் தெரியும் சார்" என்றாள்.

"தெரியும்மா. ஆனா இன்னிக்கு ஒரு மாதிரி வரும், நாளைக்கு ஒரு மாதிரி வரும். சிஸ்டம் ஏத்துக்காது. கட்டைவிரல் மாறவே மாறாது பாருங்க."

பின்னால் வரிசையில் நின்றவர், "பாவம், படிக்கவைக்கல போலிருக்கு" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது எங்கள் இருவருக்கும் கேட்டது. படிக்காதவனைத் திட்டுவதற்கு நம் மொழியில் இருக்கும் முதல் வார்த்தையே கைநாட்டு. கணினிக்கு நிரல் எழுதுகிற பெண்ணின் கோப்பில் அந்த வார்த்தையை எழுதி வைத்தார்கள். அதுவரை அவள் எங்கேயும் கையெழுத்துப் போட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் அப்பா போடுவார், அப்பாவுக்குப் பிறகு நான். அன்றைக்குப் போட்டிருப்பாள். விடவில்லை.

இனி அவள் சொல்லிக்கொடுக்கும் வேலையைப் பற்றி. உள்ளங்கையில் அடங்கும் ஒரு பச்சைப் பலகை. அதற்குப் போர்டு என்று பெயர். பார்க்க ஒன்றுமில்லாததுபோல் இருக்கும், ஆனால் அது ஒரு குட்டிக் கணினி. வைஃபையோடு சேர்ந்துகொள்ளும். அதில் ஒரு சென்சாரைச் செருகினால் சூடு, ஈரம், வெளிச்சம், கதவு திறந்தது மூடியது என்று ஏதாவது ஒன்றைக் கவனித்து ஃபோனுக்குச் சொல்லும். விளையாட்டாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கென்றே செய்தது. வாங்குகிறவர்கள் நிறையப் பேர். வாங்கி, ஒரு விளக்கை மினுக்க வைத்துவிட்டு, அதற்குமேல் என்ன செய்வது என்று தெரியாமல் மேசை இழுப்பறையில் போட்டு மூடுகிறவர்களும் அதே அளவு.

இவள் வகுப்பில் அது நடக்காது. முதல் நாள் போர்டைப் பற்றிப் பேசவே மாட்டாள். ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

"உங்க வீட்ல தினமும் யார் எதுக்காகக் கத்துறாங்க?"

நான் ஒருநாள் அவளுக்குக் குடை கொண்டுபோனபோது இது என் காதில் விழுந்தது. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர்தான் முதலில் கை தூக்கினார்.

"என் வீட்டுக்காரி கத்துறதுக்கெல்லாம் போர்டு வாங்கினா, கடையில ஸ்டாக் இருக்காதும்மா."

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க டிரைவர் அண்ணே. பெருசா கத்துறது."

"ஃப்ரிட்ஜ் கதவு. நான் சரியாச் சாத்தமாட்டேனாம்."

"அப்ப உங்க முதல் வேலை அதுதான். கதவு ஒரு நிமிஷத்துக்கு மேல திறந்திருந்தா ஃபோன் அடிக்கும்."

"யார் ஃபோன்? அவ ஃபோனா?"

"உங்க ஃபோன் அண்ணே."

"அப்ப சரி" என்று குறித்துக்கொண்டார்.

ஒருத்தர் வீட்டில் படுக்கையில் கிடக்கும் மாமனார். அவர் கைக்கெட்டும் இடத்தில் ஒரு பொத்தான், அமுக்கினால் சமையலறையில் விளக்கு எரியும். இன்னொருத்தர் வீட்டில் மழை வந்தால் மாடியில் காயும் துணி. இன்னொருத்தர் வீட்டில் தண்ணீர் ஊற்ற மறந்து வாடும் செடிகள். போர்டு அந்தந்த வீட்டின் ஒரு கத்தலை நிறுத்த வேண்டும், அவ்வளவுதான் பாடம். அப்படித் தொடங்கியதால் யாரும் பாதியில் விடவில்லை. வீட்டில் இருப்பவர்கள் விடமாட்டார்களே. கூடவே கண்டிப்பான ஒரு விதியும் உண்டு: சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை முதல் மாதம் யாரும் தொடக்கூடாது. பேட்டரியில் ஓடுவதைமட்டும் செய்.

இந்த யோசனை அவளுக்கு எங்கிருந்து வந்தது என்றால், என்னிடமிருந்துதான். எங்கள் மாடித் தொட்டி நிரம்பி வழியும். மோட்டாரைப் போட்டுவிட்டு இவள் கணினியில் மூழ்கிவிடுவாள். தண்ணீர் சுவர் வழியாக இறங்கி, கீழ்வீட்டு ஜன்னலில் கொட்டும். கீழ்வீட்டம்மா என்னைக் கூப்பிட்டுக் கத்துவார். நான் இவளைக் கூப்பிட்டுக் கத்துவேன். அவள் செய்த முதல் கருவி அதற்குத்தான். தொட்டிக்குள் ஒரு மிதவை, அதோடு ஒரு போர்டு. தண்ணீர் மேலே வந்ததும் என் ஃபோனில் செய்தி வரும்: "தொட்டி நிரம்பிவிட்டது. அக்கா கத்தாதே." எங்கள் வீட்டு வைஃபைக்கும் ஆங்கில எழுத்தில் 'அக்கா கத்தாதே' என்றே பெயர் வைத்துவிட்டாள். விருந்தாளிகள் யாராவது வைஃபை கேட்டால், பெயரைச் சொல்லுமுன் நான் தொண்டையைச் சரிசெய்துகொள்வேன்.

வகுப்புக்கு வருகிறவர்களுக்காக ஒவ்வொரு வேலையையும் தனித்தாளில் எழுதி வைத்தாள். ஓட்டைத் தட்டின்மேல் ஒரு விரலை ஊன்றி, இன்னொரு விரலால் தட்டி. என்னென்ன வாங்க வேண்டும், எந்தக் கம்பி போர்டின் எந்தக் காலுக்கு, எங்கே தப்பு வரும், வந்தால் எதை முதலில் பார்க்க வேண்டும், எல்லாம் இருக்கும். என்னைப் படிக்கச் சொல்லி, எனக்குப் புரியாத வரியை அடித்துவிட்டு வேறு மாதிரி எழுதுவாள். தலைப்புகளைப் பார்த்தாலே சிரிப்பு வரும். "மழை வருது, துணியை எடு." "கதவைச் சாத்தினது யார்?" "செடிக்குத் தாகம்." முதல் தலைப்பு எங்கள் தொட்டி. அதற்கு அவள் வைத்த பெயர் "அக்கா கத்தாதே".

அந்த வகுப்பை நடத்தும் பயிற்சி நிலையத்துக்கு ஓர் ஒருங்கிணைப்பாளர் இருந்தார். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். மழை நாளில் அவளைத் தன் வண்டியில் கொண்டுவந்து விட்டிருக்கிறார். தாள்களை ஒருநாள் புரட்டிப் பார்த்தவர், "நண்டும்மா, இதை நிலையத்தோட ஆண்டு விழாவுக்குப் புத்தகமாவே போட்டுடலாம்" என்றார். இவள் வீட்டுக்கு வந்து சொன்னபோது கை வழக்கத்தைவிட அதிகமாக ஆடியது. சந்தோஷத்திலும் ஆடும்.

புத்தகம் வந்தது. அட்டையில் அவர் பெயர். பின்னட்டையில் அவர் படம். முன்னுரையில், "தொடக்கநிலை மாணவர்களின் தேவையை நீண்டகாலம் கவனித்து, எளிய செயல்திட்டங்களை உருவாக்கினேன்" என்று ஒரு வரி. உருவாக்கினாராம். எங்கள் தொட்டியில் மிதவையைக் கட்டியவர் அவர்தான் என்றால், ஈரப் பாவாடையோடு ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்ற நான் யாருக்காகப் பிடித்துக்கொண்டிருந்தேன்?

நான் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினேன். கடைசிப் பக்கத்தில், அச்சகத்தின் முகவரிக்குமேல், பொடி எழுத்தில் இருந்தது.

தட்டச்சு உதவி: நண்டு.

மறுநாள் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு நேரே அவர் அறைக்குப் போனேன். அவர் மேசைமேல் புத்தகக் கட்டு. எனக்கு ஒரு பிரதியை நீட்டி, "எடுத்துக்கங்க அக்கா, உங்களுக்கும் ஒண்ணு" என்றார்.

"என் தங்கச்சி எழுதினதை எனக்கே இனாமாக் கொடுக்கறீங்களா சார்?"

"அவங்க பேர் இருக்கே. கடைசிப் பக்கம் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். அவ டைப் அடிச்சானு போட்டிருக்கு."

"அடிச்சாங்கல்ல?"

"அடிச்சா சார். சொந்தமா யோசிச்சதை அடிச்சா. நீங்ககூட முன்னுரையை டைப் அடிச்சிருப்பீங்க. உங்களைத் தட்டச்சு உதவின்னு போட்டுக்கலாமே."

அவர் நாற்காலியில் சாய்ந்து, கோபமில்லாமல், பொறுமையாகச் சொன்னார். அந்தப் பொறுமைதான் என்னால் பொறுக்க முடியாதது.

"அக்கா, உணர்ச்சிவசப்படாதீங்க. நிலையத்துல உருவானது நிலையத்தோடது. அதுவும் தவிர, அட்டையில நண்டுன்னு போட்டா யார் வாங்குவா? சமையல் புத்தகம்னு நினைப்பாங்க. இன்னொண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. அவங்க சம்பளப் பேப்பரெல்லாம் என் வழியாத்தான் போகுது. கைநாட்டு வைக்கிறவங்க. அவங்க பேரை ஆசிரியர்னு போட்டு, நாளைக்கு யாராவது புத்தகத்துல கையெழுத்துக் கேட்டா, மைப்பெட்டியை எடுத்துக் கட்டைவிரலை வைப்பாங்களா?"

அவர் நீட்டிய பிரதியைத் தொடாமல் திரும்பினேன். படி இறங்கி, நூலக வாசலுக்கு வந்த பிறகுதான் சொல்ல வேண்டியதெல்லாம் வரிசையாக நாக்கில் வந்து நின்றது.

இவளிடம் சொன்னேன். "விடுக்கா. புத்தகம் ஜனங்க கைக்குப் போகுதுல்ல" என்றாள். சொல்லிவிட்டு அன்று சாப்பிடும்போது, தானே கரண்டி பிடிப்பவள், என்னைப் பரிமாறச் சொன்னாள். அதற்குமேல் எனக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

புத்தகம் நன்றாகப் போனது. பாராட்டுகள் அவருக்குப் போயின. ஏதோ கூட்டத்தில் சால்வை போர்த்தினார்கள். பிறகு நிலையத்துக்கு ஃபோன்கள் வரத் தொடங்கின.

புத்தகத்தின் முதல் வேலையான தொட்டி ஓடவில்லை என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். போர்டு வைஃபையில் சேரவே மாட்டேன் என்கிறது. இவள் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தாள், நெற்றியில் அடித்துக்கொண்டாள். நிரலில் ஒரு வரியில் உங்கள் வைஃபையின் பெயரைப் போட வேண்டும், அடுத்த வரியில் கடவுச்சொல். மற்ற எல்லா வேலைகளிலும் அந்த இடத்தில் "இங்கே உங்கள் வீட்டு வைஃபை பெயர்" என்று எழுதியிருந்தாள். தொட்டி வேலையைமட்டும் எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருந்த நிரலிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டிருந்தாள். அதனால் அச்சில், பதினான்காம் பக்கத்தில், எங்கள் வைஃபை பெயர் "அக்கா கத்தாதே", கீழே எங்கள் கடவுச்சொல், ஓர் எழுத்து விடாமல். இந்த வேலை செய்கிற எல்லாரும் ஒருமுறையாவது செய்யும் தவறு அது என்றாள். அச்சில் செய்தவள் தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்றாள்.

அன்றே எங்கள் கடவுச்சொல்லை மாற்றினோம். கீழ்வீட்டம்மா மறுநாள் மேலே வந்து, "என்னம்மா, நேத்திலேர்ந்து நெட் வரலியே" என்றார். அவர் வீட்டிலும் ஒரு புத்தகம் இருந்திருக்கிறது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அடுத்த வகுப்பில் டிரைவர் அண்ணன் பெருமையாக எழுந்து நின்றார்.

"எனக்கு ஓடிடுச்சு."

"எப்படி அண்ணே? பேரை மாத்திட்டீங்களா?"

"மாத்தினேன்."

"நல்லது. புத்தகத்துல இருக்கற பேரை எடுத்துட்டு..."

"புத்தகத்துல கை வைப்பேனா? ஒரு புள்ளிகூட மாத்தாம அடிக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க. என் வீட்டு வைஃபை பேரை மாத்திட்டேன். இப்ப என் வீடும் 'அக்கா கத்தாதே'தான். பாஸ்வேர்டும் புத்தகத்துல உள்ளதுதான்."

வகுப்பு சிரித்தது. ஆனால் பின் வரிசையிலிருந்து இரண்டு பேர் சிரிக்கவில்லை. அவர்களும் அதையேதான் செய்திருந்தார்கள். விசாரித்தால், வெளியில் புத்தகம் வாங்கிய இன்னும் எத்தனையோ பேர். டிரைவர் அண்ணனின் மருமகன் பக்கத்துத் தெருவில் நடந்து போகும்போது ஃபோனைத் திறந்தால், வரிசையாக மூன்று வீடுகள் "அக்கா கத்தாதே" என்று காட்டினவாம்.

நண்டு சிரிக்கவே இல்லை. வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னாள்: "அக்கா, இத்தனை வீட்டுக்கும் ஒரே பூட்டு, ஒரே சாவி. சாவியை நானே அச்சடிச்சுக் கொடுத்திருக்கேன். இன்னிக்கே எல்லாருக்கும் சொல்லணும்."

ஒருங்கிணைப்பாளரிடம் போனாள். திருத்தச் சீட்டு ஒன்று அச்சடித்து ஒவ்வொரு புத்தகத்திலும் வைக்க வேண்டும் என்றாள். அவரும் சரி என்றார். இரண்டு நாளில் சீட்டு வந்தது. அதில் இருந்தது இவ்வளவுதான்: "14ஆம் பக்கத்தில் தட்டச்சுப் பிழை நேர்ந்துள்ளது. வருந்துகிறோம்."

எதை எப்படி மாற்றுவது என்று ஒரு சொல் இல்லை. ஆனால் தவறு யாருடையது என்பது மட்டும் தெளிவாக இருந்தது. புத்தகத்தில் தட்டச்சு உதவி என்று ஒரே ஒருத்தியின் பெயர்தானே இருக்கிறது. சால்வை வந்தபோது அவர் எழுதிய புத்தகம். புகார் வந்தபோது இவள் தட்டிய புத்தகம். எனக்கு அன்று சலவைக்கூடத்தில் இஸ்திரி இயந்திரத்தைவிட உடம்பு கொதித்தது.

அதற்கடுத்த வகுப்புக்கு நானும் போனேன். இவள் வரவேண்டாம் என்றாள். நான் குடையை எடுத்துக்கொண்டேன், வானம் தெளிவாகத்தான் இருந்தது. வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது ஒருங்கிணைப்பாளர் உள்ளே வந்தார். கையில் ஒரு தாள், இன்னொரு கையில் மைப்பெட்டி.

"நண்டும்மா, ஒண்ணுமில்ல. மேலிடத்துல விளக்கம் கேட்கறாங்க. சின்ன சம்பிரதாயம்."

தாளை மேசையில் வைத்தார். மைப்பெட்டியின் மூடியை அவரே திறந்து பக்கத்தில் வைத்தார். "புத்தகத்தைத் தட்டச்சு செய்கையில் என் கவனக்குறைவால் பிழை நேர்ந்தது" என்று அதில் இருந்தது. கீழே கையெழுத்துக்குக் கோடுகூடப் போடவில்லை. கட்டைவிரல் அளவுக்கு ஒரு கட்டம் போட்டிருந்தார்.

அத்தனை பேர் முன்னால். அவளிடம் படிக்கிறவர்கள் முன்னால்.

இவள் தாளைக் கையில் எடுக்கவில்லை. குனிந்து படித்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"சார், இது தட்டச்சுப் பிழை இல்ல."

"பின்ன என்ன?"

"ஓர் எழுத்துகூட நான் தப்பா அடிக்கல. அக்கா கத்தாதே. எல்லா எழுத்தும் சரியாத்தான் விழுந்திருக்கு."

யாரோ சிரித்தார்கள். அவர் திரும்பிப் பார்த்ததும் அடங்கியது.

"தட்டச்சுப் பிழைன்னா, எழுதினவர் ஒண்ணு எழுதியிருக்கணும், அடிச்சவ வேற ஒண்ணு அடிச்சிருக்கணும். நீங்க எந்தப் பேரை எழுதிக் கொடுத்தீங்க, நான் மாத்தி அடிக்க?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு..."

"இது எழுதினவளோட தப்பு சார். அது என் வீட்டு வைஃபை. அதுல கத்துற அக்கா அதோ குடையோட நிக்கிறாங்க. என் வீட்டுல ஓடுற புரோகிராமை எடுத்துப் போட்டேன், பேரை எடுக்க மறந்தேன். தப்பு என்னோடதுதான். முழுசா வாங்கிக்கிறேன். ஆனா தப்பு என்னோடதுன்னா புத்தகமும் என்னோடதுதான். தப்பை மட்டும் தனியாப் பிரிச்சு என் கையில கொடுக்காதீங்க."

அவர் முகம் சிவந்தது. "சரி. உங்களோடதுன்னு நீங்களே சொல்றீங்க. அதையே எழுத்துல கொடுங்க பார்ப்போம்" என்றார். நடுங்கும் கை என்ன எழுதிவிடும் என்ற நினைப்பு அந்தப் 'பார்ப்போம்' என்ற சொல்லில் இருந்தது.

இவள் கணினிமுன் உட்கார்ந்தாள். ஒவ்வொரு எழுத்தாக விழுந்தது. யாரும் உதவிக்குப் போகவில்லை. அந்த வகுப்புக்கு அது தெரியும். அச்சு இயந்திரத்திலிருந்து தாள் வந்ததும் டிரைவர் அண்ணன் எடுத்து, பஸ்ஸின் கடைசி வரிசைக்கும் கேட்கிற குரலில் படித்தார்.

"பக்கம் 14. நான்காம் வரியில் இருப்பது என் வீட்டு வைஃபையின் பெயர். ஐந்தாம் வரியில் இருப்பது அதன் கடவுச்சொல். அந்த இடங்களில் உங்கள் வீட்டுப் பெயரையும் கடவுச்சொல்லையும் போடுங்கள். என்னை நம்பி உங்கள் வீட்டு வைஃபைக்கு இந்தப் பெயரை வைத்தவர்கள் இரண்டையும் இன்றே மாற்றுங்கள். புத்தகம் வைத்திருக்கும் யார் வேண்டுமானாலும் உள்ளே வந்துவிட முடியும். தவறு என்னுடையது. இந்தப் புத்தகத்தை எழுதியவர்."

படித்து முடித்தவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். "எழுதியவர்னு மொட்டையா நிக்குதேம்மா. நாளைக்கு இதை என் வீட்டுக்காரி கையில கொடுத்தா, யார் சொன்னதுனு கேப்பா. கையெழுத்துப் போடுங்க."

ஒருங்கிணைப்பாளர் மைப்பெட்டியைச் சற்று முன்னால் தள்ளினார். வங்கியில் பார்த்த அதே தள்ளல்.

டிரைவர் அண்ணன் அதை எடுத்து, மூடியைப் போட்டு அழுத்தி, அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "இது இங்க வேணாம் சார். மை காஞ்சிடும்" என்றார். தன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மேசைமேல் வைத்தார்.

அவள் எழுதிய அந்தச் சீட்டு பிறகு மீதமிருந்த எல்லாப் பிரதிகளிலும் போயிற்று. வகுப்பில் இருந்த எல்லாரும் அது இல்லாத புத்தகத்தைத் தொடமாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். அட்டையில் ஒருவர், உள்ளே சீட்டில் இன்னொருவர் என்று இருந்ததால் வாங்கியவர்கள் எல்லாரும் கேட்கத் தொடங்கினார்கள். அடுத்த பதிப்பில் அட்டையை மாற்றுவதைத் தவிர நிலையத்துக்கு வேறு வழி இல்லாமல் போயிற்று. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. 'நிர்வாகக் காரணங்களுக்காக' என்றார்கள். அதெல்லாம் பின்னால் நடந்தது. அன்று நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன்.

இவள் பேனாவை எடுத்தாள். அது தாள்மேல் ஆடியது. என் கை தானாக நீண்டு அவள் மணிக்கட்டைப் பிடிக்கப் போனது.

"விடுக்கா" என்றாள், என்னைப் பார்க்காமல்.

விட்டேன். குடையைப் பிடித்துக்கொண்டேன்.

முதல் 'ந' சாய்ந்து விழுந்தது, ஆனால் நின்றது. அடுத்தது 'ண்'. மூன்று சுழி, அவளைப் போன்ற கைக்கென்றே யாரோ விரோதத்தில் கண்டுபிடித்த எழுத்து. முதல் சுழி வந்தது. இரண்டாவது, முதலாவதின்மேல் ஏறிக்கொண்டது. நிறுத்தினாள். மூச்சை விட்டாள். மூன்றாவதைப் போட்டாள். மேலே வைக்க வேண்டிய புள்ளி தாளின் ஓரத்துக்குப் போய் விழுந்தது. அதை அப்படியே விட்டுவிட்டாள். 'டு' வளைந்து கீழே இறங்கி ஒரு வாலோடு முடிந்தது. மொத்தத்தில் மணலில் ஏதோ ஒன்று ஓடிப்போன தடம் போலிருந்தது. டிரைவர் அண்ணன் எட்டிப் பார்த்து, "நண்டு. நல்லாத் தெரியுது" என்றார்.

ஒருங்கிணைப்பாளர் தாளை எடுக்கக் கையை நீட்டினார். இவள் கொடுக்கவில்லை.

"இருங்க சார், தேதி போடல."

பெயருக்குக் கீழே, அதே பேனாவால், மெதுவாக அவளே எழுதினாள்: 17.2.2022.